பூச்சிக்கொல்லித் தடைக்கு வரைவாணை வந்தால் அதைப் படிப்பதும் பதில் எழுதுவதும் எப்படி?

மத்திய வேளாண் அமைச்சகம் 2020 மே மாதம் 27 பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளைத் தடை செய்யப்போவதாக ஒரு வரைவாணையை, அதாவது இறுதி முடிவுக்கு முன் கருத்துக் கேட்கும் முன்மொழிவை, வெளியிட்டபோது, களைக்கொல்லிகளும் பூசணக்கொல்லிகளும் அடங்கிய அந்தப் பட்டியல் முழுவதற்கும் தடை வந்துவிட்டது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 தேதியிட்ட இறுதி ஆணை வந்தபோது படம் வேறாக இருந்தது. டைகோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகிய மூன்றும் முழுதாக விலக்கப்பட்டன. மோனோகுரோட்டோபாஸில் 36% எஸ்.எல். (நீரில் கரையும் திரவம்) என்ற கலவைக்கு முடிவு கட்டப்பட்டது. அதில் கடைகளில் இருப்பில் உள்ளவற்றைக் காலாவதி ஆகும்வரை விற்கவும் பயன்படுத்தவும் இடம் தரப்பட்டது. கார்போபியூரானில் 3% உறையிட்ட குருணை மட்டும் தப்பித்தது. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், மாலத்தியான், டைமெத்தோயேட் போன்றவை சில பயிர்களுக்கான அனுமதியை மட்டும் இழந்து சந்தையில் தொடர்ந்தன. ஆகவே, தடையா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு ஒரு மறுஆய்வை அணுகுபவருக்கு அதில் பாதிகூடப் புரியாது. எந்த மருந்து, அதில் எந்தக் கலவை, எந்தப் பயிருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

அந்த மூன்று ஆண்டுகளில் அமைச்சகத்துக்குப் போன கடிதங்களுக்கும் இந்த முடிவில் பங்குண்டு. கருத்துச் சொல்ல முதலில் 45 நாள் அவகாசம் தரப்பட்டு, பின்னர் அது 90 நாளாக நீட்டிக்கப்பட்டது. வந்த ஆட்சேபங்களைப் பரிசீலிக்க டி.பி. ராஜேந்திரன் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. உற்பத்தி நிறுவனங்கள் தரவுகளோடும் வழக்கறிஞர்களோடும் இத்தகைய வாய்ப்பைப் பயன்படுத்துகின்றன. தோளில் தெளிப்பானைச் சுமப்பவரோ பெரும்பாலும் எழுதுவதே இல்லை. எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி.

யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது

1958-இல் கேரளத்தில், கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வுக்குப் பின்னர் எழுந்த கோரிக்கைகளின் விளைவுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். இச்சட்டத்தின்படி ஒரு மருந்து சந்தைக்கு வருவதற்கு முன், மத்திய அரசு அமைத்த பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். ஒருமுறை பெற்ற பதிவை ரத்து செய்யும் அதிகாரம், பதிவுக் குழுவைக் கலந்தபின், மத்திய அரசிடம் மட்டுமே இருக்கிறது. மாநில அரசால் செய்யக்கூடியது, 27-ஆம் பிரிவின் கீழ் 60 நாட்களுக்கு விற்பனையை நிறுத்திவைப்பதும், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாட்கள் நீட்டிப்பதும்தான். ஏற்றுமதியாகும் பாசுமதியில் எச்சம் மிகுவதைத் தடுக்க 2023-இல் பஞ்சாப் அரசு பத்து பூச்சிக்கொல்லிகளை இந்த வழியில்தான் நிறுத்தியது. தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில் மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியபோதும் அதற்கு 60 நாள்தான் கிடைத்தது. ஒரு மருந்தை நிரந்தரமாக விலக்கும்படி மாநில வேளாண் அமைச்சருக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, இந்தக் காரணத்தால், வீண் உழைப்பு. மனு டெல்லிக்குப் போக வேண்டும். மாநிலத்துக்கு அதன் நகல் போகலாம்.

முதலில் மருந்தின் பெயர்

கடையில் கேட்கும் பெயர் வணிகப் பெயர். ஆணையில் வரும் பெயர் வேதிப் பெயர். ஒரே வேதிப்பொருள் பல நிறுவனங்களின் பல பெயர்களில் விற்கப்படுவதால், போத்தலைக் கையில் எடுத்து அடையாளச்சீட்டைப் படிப்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. வணிகப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் வேதிப் பெயரும், ஒரு விழுக்காடும், கலவையின் வகையைக் குறிக்கும் எழுத்துகளும் இருக்கும்: எஸ்.எல். என்றால் நீரில் கரையும் திரவம், இ.சி. என்றால் நீரில் பால்போலக் கலங்கும் கரைசல், டபிள்யூ.பி. என்றால் நீரில் கலக்கும் தூள். வேதிப் பெயர், விழுக்காடு, கலவையின் எழுத்துகள் ஆகிய மூன்றையும், இவற்றோடு பதிவு எண், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மோனோகுரோட்டோபாஸ் என்று மட்டும் குறித்து 36% எஸ்.எல். என்பதை விட்டுவிட்டால், 2023 ஆணை உங்கள் போத்தலுக்குப் பொருந்துமா என்பதையே சொல்ல முடியாது.

சீட்டில் சாய்ந்து நிற்கும் சதுரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்திருக்கும். கீழ் முக்கோணத்தின் நிறம் நச்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எலிகளுக்கு வாய்வழி கொடுக்கும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையிலேயே பாதி எலிகள் இறந்துவிடுமானால் அது சிவப்பு. இந்த நிறம் உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் தெளிப்பவருக்கு நரம்பில் என்ன ஆகும், தேனீக்களுக்கு என்ன ஆகும் என்பது அதில் தெரியாது. பச்சை முக்கோணத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பரிதாபாத்தில் உள்ள பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் இணையதளத்தில் இரண்டு ஆவணங்களைப் பாருங்கள். ஒன்று, தடை செய்யப்பட்டவை, பதிவு மறுக்கப்பட்டவை, கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்பட்டவை என்று பகுதி பகுதியாக இருக்கும் பட்டியல். உள்நாட்டில் பயன்படுத்தத் தடை, ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யத் தடையில்லை என்ற ஒரு பகுதியும் அதில் உண்டு என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். மற்றொன்று, எந்த மருந்து எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு என்ன அளவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் தெளிப்பதற்கு 2005-லேயே தடை வந்துவிட்டது.

வரைவாணையைப் படிப்பது

வரைவாணை மத்திய அரசிதழின் சிறப்பு வெளியீட்டில், இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவில் வரும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும். தமிழில் கிடைக்காது என்பது இந்த நடைமுறையின் பெரிய குறை. ஊரில் வேளாண் பட்டம் படித்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. முன்னுரையைத் தாண்டி, நேராக அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, ஏன் விலக்க நினைக்கிறார்கள் என்ற காரணம் இருக்கும்.

இந்தக் காரணங்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். தீங்கு தெரிந்திருக்கிறது என்பது ஒரு குவியல்: மனிதருக்குக் கொடிய நச்சு, தேனீக்களுக்கு ஆபத்து, நீர்வாழ் உயிர்களைக் கொல்லும், நாளமில்லாச் சுரப்பிகளைப் பாதிக்கும் என்பன போன்றவை. தரவு இல்லை என்பது இன்னொன்று: கேட்ட ஆய்வறிக்கையை நிறுவனம் தரவில்லை, எச்சம் பற்றிய விவரம் முழுமையாக இல்லை என்பன போன்றவை. 66 மருந்துகளை ஆராய 2013-இல் அமைக்கப்பட்ட அனுபம் வர்மா குழு, அவற்றில் 27 மருந்துகளைக் கூடுதல் ஆய்வுத் தரவுகள் வந்தபின் மீண்டும் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கியது. இரண்டாம் குவியலில் உள்ள மருந்துக்கு ஆயுள் அதிகம். நிறுவனம் ஆவணங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தக் காரணம் விழுந்துவிடும். ஆகவே நீங்கள் ஆதரிக்கும் தடை தரவின்மையை மட்டும் நம்பி நிற்குமானால், உங்கள் கடிதம் தீங்கைக் காட்டும் சான்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாறாக, மருந்து தொடர வேண்டும் என்று நினைப்பவர் முதல் குவியலுக்குப் பதில் சொல்லாமல், விலை மலிவு என்று மட்டும் எழுதினால் அது எடுபடாது.

கடிதம்

தடை வேண்டும், எல்லோரும் சாகிறார்கள் என்று எழுதும் கடிதம் எண்ணிக்கையில் ஒன்றாகச் சேரும், அவ்வளவுதான். குழுவின் மேசையில் நிற்கக்கூடிய கடிதம் இப்படி இருக்கும்: இன்ன வட்டாரத்தில், இரண்டு ஏக்கர் பருத்தியில், காய்ப்புழுவுக்காக, இன்ன கலவையை, பத்து லிட்டர் கைத்தெளிப்பானுக்கு இத்தனை மில்லி வீதம், இன்ன மாதத்தில் தெளித்தோம், தெளித்தவருக்கு மாலையில் தலைசுற்றலும் வாந்தியும், மிகுந்த வியர்வையும், பார்வை மங்கலும் ஏற்பட்டன, அரசு மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்தான அட்ரோபின் கொடுக்கப்பட்டது, வெளியேற்றச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. நோயாளியின் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு நகலெடுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள், ஒரு பொய் தெரிந்தால் உங்கள் மாவட்டத்திலிருந்து வந்த மற்றக் கடிதங்களுக்கும் மதிப்புப் போய்விடும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. பதிவு தரும்போது, கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் அணிந்து அடையாளச்சீட்டில் உள்ளபடியே தெளிப்பார்கள் என்ற அனுமானத்தில் பாதுகாப்பு கணக்கிடப்படுகிறது. சித்திரை வெயிலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கசியும் தெளிப்பானை முதுகில் சுமந்து, மருந்தைக் குச்சியால் கலக்கித் தெளிப்பதுதான் நடப்பு. வாங்கிய போத்தலோடு தமிழ்த் துண்டறிக்கை இருந்ததா, கடைக்காரர் பாதுகாப்புக் கவசம் பற்றி ஏதேனும் சொன்னாரா, காலி டப்பா வீட்டில் எதற்குப் பயன்படுகிறது என்பனவற்றை எழுதுங்கள். 2013 ஜூலையில் பீகாரின் மஷ்ரக்கில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயால் இறந்தார்கள். சீட்டில் அச்சிட்ட எச்சரிக்கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

மாற்று என்ன என்ற கேள்வி கட்டாயம் எழும். இனக்கவர்ச்சிப் பொறி, விளக்குப் பொறி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை, 5% வேப்பங்கொட்டைச் சாறு, குறைந்த நச்சுள்ள வேறு மருந்து என்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தியதை, ஏக்கருக்கு ஆன செலவோடும் ரசீதோடும் சொல்லுங்கள். கைகொடுக்காததையும் சொல்லுங்கள். தடை வந்தால் விளைச்சல் விழும் என்ற வாதத்துக்கு இலங்கையின் அனுபவத்தைச் சுட்டலாம். அங்கே 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய நச்சு மருந்துகளும் 1998-இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. அந்தத் தடைகளால் விளைச்சல் சரிந்ததாகத் தெரியவில்லை.

கடிதத்தை இரண்டு பக்கத்துக்குள் முடித்து, வரைவாணையின் எஸ்.ஓ. எண்ணையும் (அரசிதழில் ஆணைக்குத் தரப்படும் எண்) தேதியையும், மருந்தின் பெயரையும் அட்டவணையில் அதன் வரிசை எண்ணையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புவதுதான் நடைமுறைக்கு உகந்தது. அனுப்ப வேண்டிய அதிகாரியின் பதவியும் முகவரியும் வரைவாணையிலேயே இருக்கும். கெடு, ஆணையின் தேதியிலிருந்து அல்லாமல், அரசிதழின் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கிடப்படும். கெடுவுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.

அனுப்பியபின்

மாதக்கணக்கில் பதில் வராது. அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவுக் குழுவின் கூட்டக் குறிப்புகள் அதே இயக்குநரகத்தின் இணையதளத்தில் வெளியாகும். அவற்றில் உங்கள் மருந்தின் பெயரைத் தேடுங்கள். வந்த ஆட்சேபங்கள் எத்தனை, யார் யாரிடமிருந்து, அவற்றை ஆராய்ந்த குழுவின் அறிக்கை என்ன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கேள்வியைக் குறிப்பிட்ட ஆவணமாகக் கேளுங்கள். ஏன் முடிவெடுக்கவில்லை என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

இறுதி ஆணை வந்ததும், முதலில் பிரித்த நான்கு கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். 2018 ஆகஸ்டில் வந்த ஆணை 12 மருந்துகளை உடனே விலக்கி, போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 2020 டிசம்பர் 31 வரை காலம் கொடுத்தது. இத்தகைய இடைவெளியில்தான் கடைகளில் தள்ளுபடி தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் எழுதிய ரசீது வாங்குங்கள். தேதி கடந்தும் விற்பனை நடந்தால், உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பூச்சிக்கொல்லி ஆய்வாளர் யார் என்று கேட்டு, அவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மாதிரி எடுக்கவும் விற்பனையை நிறுத்திவைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் மிஞ்சிய மருந்தை வாய்க்காலிலோ கிணற்றிலோ ஊற்றாமல், மூடியபடியே வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று ரசீதோடு போய்க் கேளுங்கள். காலி டப்பாக்களை வேறு எதற்கும் பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் புதைக்க வேண்டும்.