பின்பக்க ஷாக் அப்சார்பரை வாசலிலேயே மாற்றலாம்

என் பழைய ஆல்டோவின் பின்பக்கத்தை அழுத்திவிட்டால் மூன்று முறை குதித்தது; அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்ததற்கு அதுவே அறிகுறி. இடப்பக்கத்தில் மட்டும்தான் எண்ணெய் கசிந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டுவையுங்கள்.

பின்சக்கரங்கள் மேலே எழுந்ததும் கைப்பிரேக் பயன்படாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய வண்டியை, எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் நுழையாதீர்கள். அச்சுக்குக் கீழே இன்னொரு ஜாக்கியும் அவசியம். இல்லையென்றால் ஷாக்கைக் கழற்றியதும் அச்சு தொங்கும், சுருள்வில் நழுவும், பிரேக் குழாய் இழுபடும். முதல் முறை நான் அதை வைக்காமல், தொங்கிய அச்சைத் தோளால் முட்டுக்கொடுத்தேன். மனைவி இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை அழுத்தி இழுத்தபின் மாட்டுங்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.