பகற்குறி, இரவுக்குறி: வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது

பகற்குறி, இரவுக்குறி என்று பலகையில் எழுதியதுமே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். அதற்குப் பயந்து, ‘தலைவனும் தலைவியும் தனியாகச் சந்திக்கும் இடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். குறி என்றால் என்ன என்று புரியாமல் களவுப் பாட்டு, அதாவது கல்யாணத்துக்கு முன் மறைவாகக் காதலிப்பதைப் பாடும் சங்கப் பாட்டு, பிடிபடாது. பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்தும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளிடமே கேளுங்கள்: ஊரில் எதையெல்லாம் குறி என்கிறார்கள்? நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமியாடி குறி சொல்வார். மந்தையில் கலந்துவிடாமல் இருக்க ஆட்டுக்குக் குறி போடுவார்கள். மாங்காய்க்குக் குறி பார்த்துக் கல் எறிவார்கள். அடையாளம், இலக்கு என்ற பொருளை அவர்களே சொல்லிவிடுவார்கள். உடலுறுப்பைச் சுட்டும் வழக்கும் அடையாளம் என்ற அந்தப் பொருளில் வந்ததுதான். மழுப்பாமல் சொல்லுங்கள், சிரிப்பு அடங்கிவிடும்.

அப்புறம் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்தச் சொல் அண்டை மொழிகளிலும் உண்டு. மலையாளத்தில் நெற்றியில் இடுவதும் குறி. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘குரி’ என்றால் இலக்கு. வேர் தென்னாட்டுக்குப் பொது.

இனி தொல்காப்பியக் களவியலுக்கு வரலாம். காதலர் குறித்துவைத்த இடம் என்பதால் அது குறி. பகல் என்றால் வீட்டுக்கு வெளியே, தலைவி அறிந்த இடம். இரவு என்றால் வீட்டு எல்லைக்குள். ஆனால் வீட்டுக்குள் நுழையாமல், வீட்டார் பேச்சு காதில் விழும் தூரம். வீடு, முற்றம், வேலி, வேலியோர மரம் என்று வரைந்தே காட்டுங்கள். அம்மா இருமினால் கேட்கும் இடத்தில்தான் அவள் நிற்கிறாள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அல்லகுறிக்கு, அதாவது தலைவன் செய்யாத சத்தத்தை அவன் அடையாளம் என்று தலைவி ஏமாறுவதற்கு, மட்டும் வெளியே கூட்டிப் போங்கள். வந்துவிட்டேன் என்று தெரிவிக்கத் தலைவன் தண்ணீரில் கல் எறிவான், பறவையை எழுப்புவான். அதே சத்தம் தானாகவும் கேட்கும். அவள் வந்து பார்த்து ஏமாந்து திரும்புவாள். தாமிரபரணியில் வெள்ளம் இல்லாத நாளாகப் பார்த்துக் குறுக்குத்துறைக்குப் போய், ஒருவனை மட்டும் கையில் கல்லோடு படியில் நிறுத்துங்கள். மற்றவர்கள் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். மீன் துள்ளும், கிளை முறிந்து விழும், நடுவில் அவனும் கல்லைப் போடுவான். எது அவன் கல் என்று கேளுங்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக வரும். சரி, புத்தகத்தைத் திறங்கள் என்று சொல்லி, தோழி அல்லகுறியைச் சொல்லும் பாட்டை அங்கேயே வாசியுங்கள்.