மசாய் மாரா லாட்ஜ் புக் பண்றவங்க பண்ற தப்புங்க

கென்யாவுல மசாய் மாரா காட்டுக்கு சஃபாரி போறதுக்கு ஒரு ராத்திரிக்கே சில நூறு டாலர் கொடுக்க ரெடியா இருக்கறவங்க முதல்ல பாக்கறது என்னன்னா ரூம் போட்டோ. பாத்டப் இருக்கா, பூல் இருக்கா, படுக்கையில இருந்தே ஆறு தெரியுமான்னு. அட, ரூம்ல எவ்வளவு நேரம் இருக்கப் போறீங்க? காலைல இருட்டோட எழுப்பி ஜீப்ல ஏத்திடுவாங்க, சாயந்திரம் மறுபடி ஜீப். அதனால லாட்ஜ் அழகா இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி அது மேப்ல எங்க இருக்குன்னு பாருங்க.

மாரான்னு சொல்றதுல ரெண்டு வகை நிலம் இருக்கு. ஒண்ணு கவர்மென்ட் ரிசர்வ். அங்க ரோட்ட விட்டு வண்டி இறங்கக் கூடாது, நைட் டிரைவ் கிடையாது, சீசன்ல ஒரு சிறுத்தையச் சுத்தி ஏகப்பட்ட வண்டி நிக்கும். இன்னொண்ணு ரிசர்வுக்கு வடக்குப் பக்கம் இருக்கற கன்சர்வன்சிங்க, மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோயிஷோன்னு. இதெல்லாம் அங்க வாழற மசாய் இனக் குடும்பங்களோட சொந்த நிலம், கேம்ப்காரங்க வாடகை கொடுத்து எடுத்திருக்காங்க, அங்க தங்கறவங்க மட்டும்தான் உள்ள சுத்த முடியும், வண்டி கம்மி, நைட் டிரைவ் உண்டு, கைடோட நடந்தும் போகலாம். என்னைக் கேட்டா இதுக்குத்தான் காசு கொடுக்கணும், பூலுக்கு இல்ல. ஆனா இதுலயும் ஒண்ணு கவனிக்கணும். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் வில்டபீஸ்ட்ங்கற ஆப்பிரிக்க மானினம் மாரா ஆத்தைத் தாண்டறதப் பாக்கணும்னா ரிசர்வுக்குள்ளதான் போகணும், ஜூலை டு டிசம்பர் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு நாளைக்கு தலைக்கு 200 டாலர் ஃபீஸ். பேக்கேஜ்ல இது சேர்ந்திருக்கான்னு மெயில்ல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. அப்படியே போனாலும் அது ஷோ டைம் போட்டு நடக்கறது இல்ல, கரை வரைக்கும் ஆயிரக்கணக்குல வந்து மணிக்கணக்கா நின்னுட்டு அப்படியே திரும்பிப் போயிடும். ரெண்டே நாள் தங்கிட்டு அது நடந்தே ஆகணும்னு கைடு கிட்ட சண்டை போடறதுல அர்த்தம் இல்ல.

அடுத்தது பெட்டி. இங்கதான் நம்ம ஆளுங்க நல்லா மாட்டறது. நைரோபில இருந்து மாராவுக்குப் போற சின்ன பிளேன்ல ஹேண்ட் லக்கேஜையும் சேர்த்தே பொதுவா 15 கிலோதான், அதுவும் துணிப் பை மாதிரி அமுங்கற பையா இருக்கணும், பெரிய ஹார்டு டிராலி உள்ள போகாது. அந்த பிளேன் கிளம்பறது வில்சன் ஏர்போர்ட்ல, நீங்க இந்தியாவுல இருந்து வந்து இறங்கறது ஜோமோ கென்யாட்டால. ரெண்டும் வேற வேற இடம், நடுவுல நைரோபி டிராஃபிக்! ரெண்டு மணி நேர கேப் விட்டு டிக்கெட் போடாதீங்க. துணிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைக்கற பழக்கத்தையும் வீட்டோட விட்டுடுங்க, 2017ல இருந்தே அங்க பிளாஸ்டிக் பைக்கு தடை, 2020ல இருந்து பார்க்குக்குள்ள யூஸ் அண்ட் த்ரோ வாட்டர் பாட்டிலும் கூடாது.

ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சு வெறும் டிஷர்ட்டா எடுத்துட்டுப் போவாங்க. மாரா இருக்கறது 1500 மீட்டர் உயரத்துல, விடிகாலைல திறந்த ஜீப்ல ஜாக்கெட் இல்லாம நடுங்குவீங்க. கருப்பும் கருநீலமும் வேணாம், செட்சி ஈ அந்த ரெண்டு கலருக்கும் தேடி வரும், அதோட கடி நல்லா வலிக்கும்.

யெல்லோ ஃபீவர் ஊசிய மட்டும் தள்ளிப் போடாதீங்க. போட்டு 10 நாள் ஆனாத்தான் சர்ட்டிஃபிகேட் செல்லும், அது இல்லாம கென்யாவுல இருந்து திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே பிடிச்சு 6 நாள் வரைக்கும் குவாரன்டைன்ல வைக்கலாம். கவர்மென்ட் அங்கீகாரம் கொடுத்த இடத்துல மட்டும்தான் போடுவாங்க, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். வீட்டுல 60 தாண்டினவங்க வராங்கன்னா முதல்ல டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க. மலேரியா மாத்திரையும் அப்பவே கேட்டுடுங்க.

வெஜ்னா புக் பண்ணும்போதே சொல்லிடணும். முட்டை ஓகேவா, வெங்காயம் பூண்டு வேணாமான்னு தெளிவா எழுதுங்க. இந்தியக்காரங்க நிறைய வர்ற இடம், சமையல்காரங்களுக்கு பழக்கம்தான், ஆனா சாமான் தூரத்துல இருந்து வரணும், டின்னர்ல உக்காந்துட்டு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

நிறைய கேம்ப்ல வேலி கிடையாது. ராத்திரி புல் மேய நீர்யானை டென்ட் பக்கத்துலயே வரும், அதனால இருட்டினப்புறம் டைனிங்குக்குப் போறதா இருந்தாலும் அஸ்காரி, அதாவது காவலாளி, வந்து கூட்டிட்டுப் போகணும். பத்தடிதானேன்னு தனியா கிளம்பறது சுத்த முட்டாள்தனம். முறுக்கு பாக்கெட்டை டென்ட்ல பிரிச்சு வச்சுட்டும் போகாதீங்க, குரங்குக்கு ஜிப்பு திறக்கத் தெரியும்.

ஜீப்ல சிங்கம் பக்கத்துல இருக்கும்போது எழுந்து நிக்காதீங்க, அது வண்டிய மொத்தமா ஒரே உருவமாத்தான் பாக்குது, நீங்க தனியா தெரிஞ்சீங்கன்னா கதை வேற. ரிசர்வுக்குள்ள "டிப்ஸ் தரேன், ரோட்ட விட்டு உள்ள போங்க"ன்னு கைடைத் தூண்டவும் கூடாது, மாட்டினா போறது அவர் பொழப்பு.

டிப்ஸை கடைசி நாள் கொடுத்தாப் போதும். கைடுக்கு கையில தனியா, மத்த ஸ்டாஃபுக்கு ஆபீஸ்ல இருக்கற பொதுப் பெட்டியில. டாலர் நோட்டு கிழியாம புதுசா எடுத்துட்டுப் போங்க, ரொம்ப பழைய வருஷத்து நோட்டை அங்க நிறைய பேர் வாங்க மாட்டாங்க.