மரணப் பதிவைப் பிடித்துக் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் தேடல் பெரும்பாலும் "கப்பலேறி வந்த முதல் ஆளிடம்" தொடங்குகிறது. அது தலைகீழ் வேலை. முனியாண்டியும் ராமசாமியும் ஒவ்வொரு தோட்டத்திலும் பலர் இருந்தார்கள். உங்கள் முனியாண்டி எவர் என்பதைக் கப்பல் சொல்லாது. வீட்டில் கடைசியாக இறந்த பெரியவரின் மரணப் பதிவைக் கையில் எடுத்து, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னுக்குப் போங்கள்.

முதலில் வீட்டைத் துழாவுங்கள். சுவரில் மாட்டிய படத்தில் "தோற்றம் – மறைவு" தேதிகள் இருக்கும். படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள். பழைய ஐசி (அடையாள அட்டை), சூராட் மத்தி (மரணச் சான்றிதழ்), சாமி அறையில் செருகி வைத்த நாளிதழ்த் துண்டு எல்லாம் வேண்டும். திதி எப்போது கொடுக்கிறார்கள் என்று வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களைவிட அவர்களுக்கே அது நினைவிருக்கும். ஒருவருக்குத் தனித் திதி இல்லாமல் ஆடி அமாவாசையிலோ மாளய அமாவாசையிலோ மட்டும் படைக்கிறார்கள் என்றால், அவர் இறந்த நாள் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பதிவேட்டின் நகல். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கும் முன், பெயர், இறந்த தேதி (குறைந்தது ஆண்டு), இறந்த இடம் மூன்றையும் தயாராக வையுங்கள். பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். மரணம் பதிவாவது குடும்பம் வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில். நிபோங் திபால் தோட்டத்துக்காரர் ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தாரில் இறந்திருந்தால் அது பேராக் பதிவு. பினாங்கும் செபராங் பிறையும் 1946 வரை நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் காலனியைச் சேர்ந்தவை. பேராக்கும் சிலாங்கூரும் சுல்தான்களின் பெயரில் பிரிட்டிஷார் நடத்திய கூட்டு மலாய் மாநிலங்களில் இருந்தவை. பழைய காகிதங்களும் அந்தப் பிரிவினைப்படியே கிடக்கின்றன. பினாங்கில் கிடைக்காத பெயரைக் கைவிடும் முன், தோட்டத்துக்கு மிக அருகில் எந்த ஆஸ்பத்திரி இருந்தது என்று வரைபடத்தில் பாருங்கள்.

நகல் கிடைத்ததும் எல்லா வரியையும் ஒரே அளவில் நம்பக்கூடாது. தேதி, இடம், தகவல் தந்தவர் பெயர் ஆகியவை பொதுவாக உறுதியானவை. வயது, தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் தகவல் தந்தவர் வாயிலிருந்து வந்தவை. அவர் மகனா, கங்காணியா (கூலிகளின் மேற்பார்வையாளர்), தோட்டத்துக் கிராணியா (எழுத்தர்), ஆஸ்பத்திரி டிரெசரா (மருத்துவ உதவியாளர்) என்று பாருங்கள். கிராணி சொன்ன வயது 40, 45, 50 என்று முழு எண்ணாகவே இருந்தால் பத்து வருடம் முன்னே பின்னே வைத்துத் தேடுங்கள். மரணக் காரணத்தில் "தைசிஸ்" என்றிருந்தால் காசநோய்; "அங்கிலோஸ்டோமியாசிஸ்" என்றால் கொக்கிப்புழு; "டெபிலிட்டி" என்றால் பலவீனம் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. 1918 அக்டோபர், நவம்பரில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று மரணங்கள் வந்தால் திகைக்க வேண்டாம். அது இன்ஃபுளுயன்சா தோட்டங்களை வாரிக்கொண்டு போன காலம்.

தேடலின் பாதி உழைப்பு பெயரில்தான் போகும். தமிழில் க, ச, த, ப ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் உண்டு. எழுதியவரோ மலாய்க்காரராக, சீனராக, யாழ்ப்பாணத்தவராக இருக்கலாம். அதனால் சின்னசாமியை எஸ் வரிசையிலும் சி-எச் வரிசையிலும் தேட வேண்டும். கணபதியை கே, ஜி இரண்டிலும், வேலுவை வி, டபிள்யூ இரண்டிலும் பாருங்கள். லட்சுமி இந்த நாட்டில் நடுவில் டி-சி-எச் போட்டு "லெட்சுமி" ஆகிவிட்டார். ழகரப் பெயர்களில் எல், ஆர், இசட்-எச் மூன்றும் வரும். தேடும் முன் ஒரு தாளில் அந்தப் பெயருக்கு எட்டுப் பத்து எழுத்துக்கோவைகளை எழுதி, பார்த்ததை அடித்துக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் அதே தவற்றை மூன்று முறை தேடுவீர்கள்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பன் பெயரை வைத்துவிடுவது இன்னொரு வழக்கமான குழப்பம். முதல் பெயரில் கிடைக்காதவரைத் தகப்பன் பெயரில் தேடுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஆறுமுகம் மகன் வேலு, வேலு மகன் ஆறுமுகம் என்று மாறி மாறி வரும்; இரண்டு ஆறுமுகங்களை ஒருவராக ஒட்டிவிடாமல் இருக்க மனைவி பெயரைச் சேர்த்தே குறியுங்கள். இனக் கட்டத்தில் "தமிழ்" என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். "கிளிங்", "மெட்ராசி" என்றும் எழுதியிருப்பார்கள்.

இனி நாளிதழ்களில் வந்த மரண அறிவித்தல்கள். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது. சிங்கப்பூரின் தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசும் பழைய ஆங்கில ஏடுகள் பலவும் இருக்கின்றன. தேடல் பெட்டியில் பெயரைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் "இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். தேதியைப் பிடித்து, பக்கங்களைக் கண்ணால் புரட்டுங்கள். இறந்த மறுநாள் முதல் மூன்று நாள், பதினாறாம் நாள் கருமக்கிரியையைச் சுற்றிய வாரம், முப்பதாம் நாள், பிறகு ஆண்டு நினைவு. திதிப்படி நினைவஞ்சலி போட்டிருந்தால் ஆங்கிலத் தேதிக்கு 11 நாள் முன்னும் வரலாம், 19 நாள் பின்னும் வரலாம். அந்த மாதம் முழுவதையும் பார்ப்பதே சிக்கனம்.

மரண அறிவித்தலின் உண்மையான சரக்கு உறவினர் வரிசையில் இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் வயது வரிசையில் வருவார்கள். மருமக்கள் பெயரிலிருந்து பெண் கொடுத்த, எடுத்த குடும்பங்கள் தெரியும். "அமரர்" என்று முன்னொட்டு உள்ள ஒவ்வொருவரும் அந்தத் தேதிக்கு முன்பே இறந்தவர். அவரைத் தேட வேண்டிய காலம் அங்கேயே சுருங்கிவிடுகிறது. வராத பெயரும் செய்திதான்: மூத்தாள் பிள்ளைகளும் சண்டைபோட்டுப் பிரிந்தவர்களும் இந்தப் பட்டியலில் விடுபடுவது வழக்கம். ஆகவே ஒரு அறிவித்தலை வைத்து "பிள்ளைகள் ஐவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லறைகளில் தமிழ் ஆண்டு வரும். அறுபது பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும்; ஆண்டு ஏப்ரல் நடுவில் மாறும். பிரபவ 1867, 1927, 1987 ஏப்ரலில் தொடங்கியது, அங்கிருந்து எண்ணுங்கள். சார்வரி என்றால் 1900 அல்லது 1960. ஆனால் "சார்வரி தை 12" என்பது அடுத்த ஆண்டு, அதாவது 1901 அல்லது 1961 ஜனவரிக் கடைசி. தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்த ஓராண்டுப் பிழை சர்வசாதாரணம். தமிழ் முஸ்லிம் கல்லறைகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும்: எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட வரும். 1318 என்றால் 1900. தேய்ந்த எழுத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதும் அமிலம் ஊற்றுவதும் கல்லைக் கொல்லும் வேலை. தண்ணீர், மென்மையான தூரிகை, காலை எட்டு மணிச் சாய்வெயில் போதும். வெயில் நேராக விழும் கல்லுக்குக் கைக்கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்புங்கள்.

ஜப்பானியர் காலத்துக் காகிதத்தில் 2602, 2603 என்று ஆண்டு கண்டால் 660-ஐக் கழியுங்கள்: 1942, 1943. 1941 டிசம்பரில் ஜோர்ஜ் டவுனில் குண்டு விழுந்தபோது இறந்த பலருக்கும் ஜப்பானியர் கட்டிய சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்ட தமிழர்களுக்கும் பதிவு கிடைப்பது அரிது. அங்கே பிள்ளைகளின் திருமணப் பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" எப்போது சேர்ந்தது என்று பார்த்துக் காலத்தைக் குறுக்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். பழையவை லத்தீனில் இருக்கும். பெயர் "அந்தோணியுஸ்" ஆகியிருக்கும், ஆனால் பெற்றோர் பெயர் தெளிவாக வரும். செட்டியார்களுக்குப் பெயரைவிட விலாசமே (முகவரி அல்ல, பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகள்) அடையாளம். ஊருக்குத் திரும்பிக் காரைக்குடிப் பக்கம் இறந்தாலும் இங்கே சொத்து இருந்தால் வாரிசுரிமை மனு நீதிமன்றத்தில் போட்டிருப்பார்கள். மரணப் பதிவே இல்லாதவருக்கும் அந்த மனுவில் இறந்த நாள், ஊர், வாரிசுகள் அத்தனையும் கிடைக்கும்.