விந்தணுவைக் காக்க வேதிப்பொருள்களைக் குறைப்பது எப்படி?

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அது முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். அதனால் இன்று செய்யும் மாற்றத்தின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தேட வேண்டும். பலர் அதற்குள் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் தாலேட்டுகள் விரையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பைக் குறைப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்டியான பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால் ஏ (பிபிஏ), ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடிக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இவ்விரண்டின் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். தினமும் உள்ளே போவதை நிறுத்துவதே வழி.

சமையலறையில் தொடங்குங்கள். சூடும் எண்ணெயும் சேரும்போதுதான் கசிவு அதிகம். சூடான உணவைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் வையுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். அடியில் 3 அல்லது 7 என்ற எண் உள்ளவற்றையும் கீறல் விழுந்தவற்றையும் முதலில் ஒதுக்குங்கள். 'பிபிஏ இல்லை' என்ற முத்திரையை நம்பி ஏமாற வேண்டாம். மாற்றாகச் சேர்க்கும் பிஸ்பீனால் எஸ் அதே வேலையைச் செய்யக்கூடியது.

சானிடைசர் தடவிய ஈரக் கையால் கடை ரசீதைத் தொடாதீர்கள். ரசீதின் பூச்சில் உள்ள பிஸ்பீனால் தோலில் எளிதாக இறங்கும். வாசனைப் பொருளில் தாலேட்டு இருக்கலாம் என்பதால், வாசனை சேர்க்காத சோப்பு, லோஷன் போதும். இந்த வேதிப்பொருள்கள் படியும் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

பூச்சிக்கொல்லியோடு வேலை செய்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த கலிஃபோர்னியா தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை 1977இல் கண்டறியப்பட்டது. கையுறை, முகக்கவசம் கட்டாயம். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள்.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து விந்துப் பரிசோதனை செய்யுங்கள். புகை, வெரிக்கோசீல் (விரைப்பையின் இரத்தக்குழாய் வீக்கம்), உடல் பருமன் போன்ற காரணங்களையும் மருத்துவர் பார்க்கட்டும்.