தரமிறக்கத்தின் விளிம்பில் நிற்கும் அணிக்குத் துணைநிற்பது எப்படி

இங்கிலாந்தின் உச்சக் கால்பந்துப் பிரிவான பிரீமியர் லீக்கில் 20 அணிகளும் தலா 38 ஆட்டங்களை ஆடி முடிக்கும்போது, பட்டியலின் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை அடுத்த பருவத்தை சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் பிரிவில் தொடங்க வேண்டும். தொலைக்காட்சி உரிமையால் வரும் வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த இழப்பைத் தாங்குவதற்காக லீக் தரும் உதவித்தொகையும் முதல் ஆண்டில், ஒளிபரப்பு வருமானத்தில் ஒவ்வொரு பிரீமியர் லீக் அணிக்கும் சமமாகக் கிடைக்கும் பங்கில் 55 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 45 விழுக்காடு என்று குறைந்துகொண்டே போகும். நல்ல ஆட்டக்காரர்கள் விற்கப்படுவார்கள். களத்துக்கே வராத அலுவலக ஊழியர்களின் வேலையும் ஆட்டம் காணும். ஆகவே கீழ்வரிசையில் தத்தளிக்கும் அணியின் ரசிகருக்கு இது வெறும் மானப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

அப்படிப்பட்ட மாதங்களில் ரசிகர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதும், ஆனால் ஆட்டம் நடக்கும் 90 நிமிடங்களில் அணிக்குக் கொடுக்கும் குரலையும், நிர்வாகத்தை நோக்கி எழுப்பும் கேள்வியையும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. இதற்கு நான் பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வது லிவர்பூல் நகரின் எவர்டன் அணியை. 1954 முதல் உச்சப் பிரிவை விட்டு இறங்காத அந்த அணி 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தரமிறக்க அச்சத்தைச் சந்தித்தது. மூன்று முறையும் தப்பியது.

பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

"40 புள்ளிகள் எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுதோறும் சொல்வார்கள். 2002-03 பருவத்தில் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் எடுத்தும் இறங்கியது. 2004-05 பருவத்தில் கிறிஸ்துமஸ் நாளில் கடைசி இடத்தில் இருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் வெறும் 34 புள்ளிகளோடு தப்பியது. எனவே அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, 18ஆம் இடத்தில் இருக்கும் அணி ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் எடுக்கிறது என்று பாருங்கள். அது 28 ஆட்டங்களில் 24 புள்ளிகள் எடுத்திருந்தால், அதே வேகத்தில் 38 ஆட்டங்களின் முடிவில் ஏறத்தாழ 33 புள்ளிகளை எட்டும். உங்கள் அணிக்குத் தேவை அதைவிட ஒன்றிரண்டு கூடுதல். இந்தக் கணக்கை வாரம் ஒருமுறை திருத்திக்கொள்வது போதும். அதற்கு மேல் பார்த்தால் தூக்கம்தான் கெடும்.

அடுத்து, மீதமுள்ள ஆட்டங்களில் எவை சொந்த மைதானத்தில் நடக்கின்றன, எவை அதே கீழ்வரிசையில் இருக்கும் அணிகளுக்கு எதிரானவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னதில் கிடைக்கும் வெற்றி உங்களுக்கு மூன்று புள்ளிகளைத் தருவதோடு, போட்டியாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மூன்றையும் தடுத்துவிடுகிறது. விடுப்பு, பணம், குரல் ஆகிய மூன்றையும் அளவாகச் செலவிட வேண்டிய ரசிகர் முதலில் ஒதுக்க வேண்டியது இந்த ஆட்டங்களுக்கே.

கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் எண்ணை, யாரும் மறக்கக் கூடாது; புள்ளிகள் சமமானால் அதுவே முடிவு செய்யும். 2007-08 பருவத்தின் முடிவில் ஃபுல்ஹாம், ரெடிங் ஆகிய இரு அணிகளும் 36 புள்ளிகளோடு நின்றன. ரெடிங் கடைசி நாளில் டார்பியை 4-0 என்று வென்றும் பயனில்லை; போர்ட்ஸ்மத்தில் டேனி மர்ஃபி தலையால் முட்டி அடித்த ஒரே கோலால் வென்ற ஃபுல்ஹாம், மைனஸ் 22க்கு மைனஸ் 25 என்ற மூன்று கோல் இடைவெளியில் தப்பியது. 0-3 என்று பின்தங்கிய ஆட்டத்தில் 75ஆம் நிமிடம் எழுந்து வீட்டுக்குப் போகத் தோன்றினால் இந்த மூன்று கோல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கோலைத் தடுப்பதும், ஆறுதலாக ஒன்றை அடிப்பதும் பருவம் முடியும் மே மாதத்தில் எண்ணப்படும். அதற்காக ஓடும் ஆட்டக்காரருக்கு நிறைந்த இருக்கைகள் வேண்டும்.

90 நிமிடங்கள்

கூட்டத்தின் குரலுக்கு உண்மையில் பயன் உண்டா என்று ஐயப்படுபவர்கள் 2020-21 பருவத்தைப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றால் பெரும்பாலான ஆட்டங்கள் காலி மைதானங்களில் நடந்த அந்த ஆண்டில், சொந்த மைதானத்தில் ஆடியவர்கள் 144 ஆட்டங்களிலும் விருந்தினராக வந்தவர்கள் 153 ஆட்டங்களிலும் வென்றனர். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் வெளியூர் வெற்றிகள் உள்ளூர் வெற்றிகளை மிஞ்சியது அதுவே முதல் முறை. மறு ஆண்டு ரசிகர்கள் திரும்பி வந்தபோது எவர்டன் எடுத்த 39 புள்ளிகளில் 29 புள்ளிகள் அதன் அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் வந்தவை. வெளியூரில் பருவம் முழுவதும் இரண்டே வெற்றிகள்தான் கிடைத்தன. அந்த அணியைக் காப்பாற்றியதில் மைதானத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ரசிகரின் வேலை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. 2022 மே 1 அன்று செல்சி அணியோடு ஆடுவதற்காக எவர்டன் ஆட்டக்காரர்கள் வந்த பேருந்தை, குடிசன் பார்க்கைச் சுற்றிய குறுகிய தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் கொடிகளோடும் பாட்டோடும் எதிர்கொண்டனர். இடைவேளைக்குப் பின் முதல் நிமிடத்திலேயே ரிச்சார்லிசன் அடித்த கோலால் எவர்டன் 1-0 என்று வென்றது. இத்தகைய வரவேற்பை ஏற்பாடு செய்ய விரும்புவோர், பேருந்து வரும் நேரத்தையும் வழியையும் முன்கூட்டியே கேட்டறிந்து, ரசிகர் குழுக்கள் வழியாகப் பரப்பி, காவல்துறைக்கும், அணியை நடத்தும் மன்றத்துக்கும் (கிளப்) தெரிவித்துவிட வேண்டும். பேருந்துக்கு வழி விட்டு நில்லுங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். பெரிய பதாகைகளை உள்ளே கொண்டுபோவதென்றால் மன்றத்தின் முன் அனுமதி தேவைப்படும். எளிதில் தீப்பற்றாத துணியா என்று கேட்பார்கள் என்பதால் தைப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

வண்ணப் புகைக் குழல்களை மைதானத்துக்குள் எடுத்துச் செல்வது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். அதே செல்சி ஆட்டத்தில் களத்தில் விழுந்து கிடந்த புகைக் குழல் ஒன்றை ரிச்சார்லிசன் எடுத்து வீசியதற்காக, கால்பந்துச் சங்கம் அவருக்கு ஓர் ஆட்டத் தடையும் 25,000 பவுண்ட் அபராதமும் விதித்தது. கொண்டாட்டத்துக்காக ஒருவர் எறிந்த பொருள் அணியின் கோலடிப்பவரை வெளியே உட்காரவைக்கக்கூடும் என்பதை எறிகிறவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஆட்டம் தொடங்கியபின் ரசிகர் கவனிக்க வேண்டிய தருணங்கள் சில உண்டு. தன் அணியின் தடுப்பாளர் பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தேடும்போது மாடத்திலிருந்து எழும் பொறுமையற்ற முனகல், அவரைக் கண்மூடித்தனமாக நெடுந்தொலைவுக்கு உதைக்கத் தூண்டும். பந்து எதிரணிக்குப் போகும். மறுபடி முனகல் எழும். இந்தச் சுழலை அறுக்கக்கூடியவர் பார்வையாளர் மட்டுமே. தவறு செய்த ஆட்டக்காரருக்கு அடுத்த முறை பந்து வரும்போது அவர் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். பந்தைப் பறிக்கும் ஒரு நல்ல தடுப்புக்கும், கார்னர் ஒன்றை வென்றதற்கும் கோலுக்கு நிகரான ஆரவாரம் கொடுங்கள். பலவீனமான அணிக்கு அவைதாம் நம்பிக்கையை ஊட்டும் சிறு வெற்றிகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது கோல் வாங்கிய பின்வரும் ஐந்து நிமிடங்கள். அப்போது மைதானம் மௌனமானால் ஆட்டக்காரர்களின் தோள்கள் தொங்கும். அடுத்த கோலும் பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான் விழும்.

2022 மே 19 இரவு கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு எதிராக இடைவேளையில் எவர்டன் 0-2 என்று பின்தங்கியிருந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் அதே மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் சிவப்பு அட்டை வாங்கி, பிரென்ட்ஃபோர்டிடம் 2-3 என்று தோற்றிருந்தனர். கைவிட்டுவிடக் காரணங்கள் போதுமான அளவு இருந்தன. ஆனால் 54ஆம் நிமிடம் மைக்கேல் கீன், 75ஆம் நிமிடம் ரிச்சார்லிசன், 85ஆம் நிமிடம் பாய்ந்து தலையால் முட்டிய கால்வெர்ட்-லூவின் என்று மூன்று கோல்கள் வந்தன. கடைசி நாளுக்குக் காத்திராமல் அணி தப்பியது. மூன்றாவது கோலுக்குப் பின்பும், ஆட்டம் முடிந்த பின்பும் மக்கள் வெள்ளமாகக் களத்தில் இறங்கினர். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி களத்தில் இறங்குவது குற்றம், பேலஸ் மேலாளர் பாட்ரிக் வியேரா அந்த நெரிசலில் ஒருவரோடு மோதலுக்கு உள்ளானார், மன்றத்துக்கு 3 லட்சம் பவுண்ட் அபராதமும் வந்தது. இருக்கையில் நின்றே அழலாம், கட்டிப்பிடிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

கோபத்துக்கு உரிய இடம்

அணி கீழே போவதற்குப் பெரும்பாலும் நிர்வாகத்தின் முடிவுகளே காரணம் என்பதால், கோபத்தை விழுங்கிவிடச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அதற்கு ஒரு நேரம் உண்டு. 2023 ஜனவரியில் சவுத்தாம்ப்டனிடம் தோற்ற பின், எவர்டன் ரசிகர்கள் பலர் இறுதி விசில் ஒலித்த பிறகு இருக்கைகளை விட்டு எழாமல் அமர்ந்து நிர்வாகத்துக்கு எதிராகப் பதாகைகளை உயர்த்தினர். ஆட்டத்துக்கு இடையூறு செய்யாத, கேமராக்கள் விலகுவதற்கு முன் நடந்த அந்த எதிர்ப்பு முறையானது. அதே நாளில் மைதானத்துக்கு வெளியே ஆட்டக்காரர்கள் யெர்ரி மினா, ஆந்தனி கோர்டன் ஆகியோரின் கார்களைச் சிலர் மறித்தது முறையற்றது. மாதத்தின் இறுதிக்குள் கோர்டன் நியூகாசிலுக்குப் போய்விட்டார். ஒரு மனிதரை வழிமறித்து அவரிடமிருந்து நல்ல ஆட்டத்தைப் பெற்றவர் எவரும் இல்லை.

2023 நவம்பரில் நிதி விதிகளை மீறியதற்காக எவர்டனிடமிருந்து 10 புள்ளிகள் பறிக்கப்பட்டபோது ரசிகர்கள் தேர்ந்த வழியைப் பாருங்கள். அடுத்த உள்ளூர் ஆட்டத்தின் 10ஆம் நிமிடத்தில் மைதானம் முழுவதும் லீக்கைக் கண்டிக்கும் இளஞ்சிவப்பு அட்டைகளை உயர்த்திப் பிடித்தனர். சொல்ல வேண்டியதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டு, குரலை மறுபடி அணியிடம் திருப்பினர். அன்று மான்செஸ்டர் யுனைடெட் 3-0 என்று வென்றது வேறு விஷயம். மேல்முறையீட்டில் 10 என்பது 6 ஆகக் குறைந்தது. பிறகு இன்னொரு வழக்கில் 2 புள்ளிகள் போயின. 2024 ஏப்ரலில் ஒரே வாரத்தில் நாட்டிங்காம் ஃபாரெஸ்ட், லிவர்பூல், பிரென்ட்ஃபோர்ட் ஆகிய மூன்று அணிகளையும் குடிசன் பார்க்கில் வென்று, 8 புள்ளிகளை இழந்தும் 15ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. அட்டை உயர்த்தும் திட்டத்தை மேற்கொள்வோர் அட்டையை இருக்கைதோறும் முன்கூட்டியே வைத்து, நேரத்தைக் குறித்து, கோரிக்கையை ஒற்றை வாக்கியமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

வெளியூர் ஆட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக: பிரீமியர் லீக்கில் விருந்தினர் டிக்கெட் விலைக்கு 2016-17 முதல் 30 பவுண்ட் உச்சவரம்பு இருக்கிறது. செலவு பெரும்பாலும் பயணத்தில்தான். கூட்டாகப் பேருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து பார்ப்பவர்கள்

இதைப் படிப்பவர்களில் பலர் தொலைக்காட்சி வழியாகவே இந்த அணிகளை நேசிப்பவர்கள். மேலே சொன்ன பேலஸ் ஆட்டம் இந்திய நேரப்படி நள்ளிரவு 12.15க்குத் தொடங்கியது. உங்கள் குரல் மைதானத்தை எட்டாது. ஆனால் நீங்கள் எழுதும் சொல் ஆட்டக்காரரின் கைப்பேசியை எட்டும் என்பதே உங்கள் பொறுப்பு. தோல்விக்குப் பின் ஆட்டக்காரரின் பக்கத்துக்குச் சென்று வசைபாடுவதும், அவர் குடும்பத்தாரை இழுப்பதும், இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதும் அணிக்குச் செய்யும் நேரடிக் கேடு. ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரத்துக்கு எதையும் பதிவிடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியின் அதிகாரபூர்வக் கடையில் சட்டை வாங்குவதும், அணியின் சொந்தச் சேனலுக்குச் சந்தா கட்டுவதும் சிறியவைதாம்; வருமானம் சுருங்கப்போகும் மன்றத்துக்கு அவையும் கணக்கில் சேரும்.

இறங்கிவிட்டால்

எல்லாம் செய்தும் அணி இறங்கக்கூடும். 2007-08 பருவத்தில் டார்பி கவுண்டி ஒரே ஒரு வெற்றியோடு 11 புள்ளிகளை மட்டும் எடுத்தது; ஆயினும் அதன் மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 32,000 பேருக்கு மேல் வந்தனர். சண்டர்லாண்ட் 2017, 2018 என்று அடுத்தடுத்து இரு முறை இறங்கி மூன்றாம் பிரிவான லீக் ஒன்றில் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான மூன்றாம் பிரிவு ஆட்டத்தைக் காண 46,039 பேர் வந்திருந்தனர். மூன்றாம் பிரிவில் நான்கு பருவங்களைக் கழித்த அந்த அணி 2022இல் ஒரு படி ஏறி, 2025 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், மேலேறும் கடைசி இடத்துக்கான இறுதியாட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது.

ஆகவே இறங்கிய வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டென்றால், அது சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதே. புதிய பருவத்துக்கான ஆட்ட அட்டவணை ஜூன் மாதம் வெளியாகும். அதற்குள் எத்தனை பேர் புதுப்பித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே மன்றம் எந்த ஆட்டக்காரரை விற்பது, யாரைத் தக்கவைப்பது என்ற கணக்கைப் போடத் தொடங்கும். விலை குறைக்கப்பட வேண்டும் என்று நினைத்தால் ரசிகர் ஆலோசனைக் குழு வழியாக அதையும் அந்த வாரங்களிலேயே எழுத்தில் கேளுங்கள்.