குடும்பம் வருமுன் சென்னையில் மூன்று மாதம்: முன்னால் போகிறவர் கைக்கணக்கு

மதுரையிலோ நெல்லையிலோ குடும்பத்தை விட்டுவிட்டுச் சென்னையில் வேலைக்குச் சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் ஞாபகம் தாங்காமல், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே ஆபீஸ் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது நகரத்தின் வேறு மூலையில். மே மாதம் வந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. வருஷம் முடிவதற்குள் மறுபடி வீடு மாற்றம்: இன்னொரு புரோக்கர் கமிஷன், இன்னொரு குட்டி யானை, பழைய ஓனர் பெயின்டிங் என்று சொல்லிப் பிடித்துக்கொள்கிற ஒரு மாத வாடகை.

ஆகவே நீங்கள் தனியாகத் தங்குகிற இடத்தையும் குடும்பம் குடியேறும் வீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். முதல் 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஒரு பெட்டியோடு இருங்கள். வேலை நிலைக்குமா, பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது என்று இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் வீடு.

கிளம்பும் முன் ஊரில்

துணிமணிகளைவிட முக்கியம் உங்கள் போன் நம்பர். கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு வரும்போது கேட்கிற குறியீட்டு எண் உங்கள் போனுக்கு வரும். நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார். ஏஜென்சியில் சொல்லி, பதிவான நம்பரை வீட்டில் இருப்பவருடையதாக மாற்றுங்கள். பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, கரண்ட் பில் நினைவூட்டல் எல்லாவற்றுக்கும் இதே வேலை. ரேஷன் கார்டில் கை வைக்காதீர்கள். முகவரி மாற்றம் குடும்பம் வந்த பிறகு போதும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, பிஎஃப்-இன் யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத எண்), ஆதார், பான், சான்றிதழ்களின் நகல் இரண்டு செட். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்கிற நிறுவனம் என்றால் சேருவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

பணம்: மாதத்தின் பின்பாதியில் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாமல், அடுத்த மாதக் கடைசியில் சேர்த்துத் தருவது பல இடங்களில் வழக்கம். இரண்டு மாதச் செலவுக்கான தொகை, ஊர்ச் செலவும் சேர்த்து, கையில் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள். சேரும் தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் மாதம் பிறந்ததும் சேருவது நல்லது.

தங்குமிடம்

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனி அறைக்குப் பேர்போனவை. மவுன்ட் ரோடு பக்கம் வேலை என்றால் இன்றும் சரியான தேர்வு. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை), கிண்டி, அம்பத்தூர் பக்கம் சாப்பாட்டோடு ஷேரிங் அறை தரும் ஹாஸ்டல்கள்தான் அதிகம். பெண்கள் முன்னால் வருவதானால் அரசு நடத்தும் தோழி விடுதிகளை முதலில் பாருங்கள்; தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன. தனியார் பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

ஹாஸ்டலில் அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று கேள்விகள். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்? ஊருக்குப் போகிற நாளுக்குச் சாப்பாட்டுக் கழிவு உண்டா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறையும் படுக்கையும் எப்படி என்று ஒரு வாரத்தில்தான் தெரியும்.

சொந்தமாகச் சமைக்க நினைப்பவர்களுக்கு 5 கிலோ 'சோட்டு' சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஆனால் ஹாஸ்டலில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். மாதக் கடைசியில் கை கடித்தால் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். கூச்சப்பட ஒன்றுமில்லை, ஐடி கார்டு தொங்கும் கழுத்துகளையும் அந்த வரிசையில் பார்க்கலாம்.

வேலையில் முதல் மாதம்

பிஎஃப் படிவத்தில் பழைய யுஏஎன்-ஐக் கொடுங்கள். 'முதல் வேலை' என்று தவறுதலாக டிக் அடித்துப் புது எண் உருவாகிவிட்டால், பிறகு இரண்டையும் சேர்ப்பதற்குள் தலை சுற்றிவிடும். ஆண்டின் நடுவில் மாறியிருந்தால் பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளக் கணக்கைப் புது நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் இரண்டு இடத்திலும் ஆரம்ப வரிச்சலுகையைத் தனித்தனியே கழித்து வரி குறைவாகப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக உங்கள் தலையில் விழும். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வருகிறவர்கள் குடும்பம் வேறு ஊரில் இருப்பதைப் பதிவின்போதே சொல்லி, குடும்பத்துக்கு அந்த ஊர் மருந்தகத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இதை யாரும் தானாகக் கேட்பதில்லை.

வேலை உறுதியாகும் வரை, அதாவது மூன்று அல்லது ஆறு மாதம், ஊர் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

பள்ளி முதலில்

வீட்டுக்கு முன் பள்ளியை முடிவு செய்வதுதான் சரியான வரிசை. தனியார் பள்ளிகளில் அடுத்த ஆண்டுச் சேர்க்கை ஜனவரியை ஒட்டியே சூடு பிடித்துவிடும். மே மாதம் வந்து கேட்டால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால் தேர்வு முடியும்வரை அசைக்காதீர்கள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதிலும் பதினொன்றிலுமே பொதுத்தேர்வுக்கான பதிவு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பள்ளி மாற்றத் தக்க காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

டிசி வாங்கினால் மட்டும் வேலை முடியாது. பழைய பள்ளி, கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு, அவர்கள் மொழியில் 'காமன் பூலுக்கு', விட வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளியால் எடுக்க முடியும். டிசி வாங்குகிற அன்றே, அலுவலகத்தில் நின்று, விட்டுவிட்டார்களா என்று கேட்டுவிட்டு நகருங்கள். ஜூனில் ஊருக்கும் சென்னைக்கும் போன் போட்டு அலைவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வழி

வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயில் வழியில் வேலை என்றால் கூடுவாஞ்சேரி கூடத் தொலைவு இல்லை. அதே கூடுவாஞ்சேரியிலிருந்து ஓஎம்ஆருக்கு என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைச் சுற்ற வேண்டும். ஓஎம்ஆரின் ஆரம்பப் பகுதிக்கு மட்டும் தரமணி, பெருங்குடி பறக்கும் ரயில் நிலையங்கள் உதவும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்தான் உயிர். பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்ற பட்டியலை வாங்கி, அந்த நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு தேடுங்கள். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணிக்கும் மாத பாஸ் 1,000 ரூபாய். வீடு தேடுகிற மாதத்தில் இதை எடுத்துவிட்டால் ஆட்டோ காசு மிச்சம்.

பிடித்த ஏரியாவிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை, உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு, ஒருமுறை ஆபீஸ் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த வழி வேறு ஊர்.

வீடு பார்க்கும்போது

முதலில் தண்ணீர். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் காய்ந்ததை சென்னைக்காரர்கள் மறக்கவில்லை. நீங்களும் மறக்காமல் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர்வெல் மட்டும்தானா, ஏப்ரல் மே மாதத்தில் லாரி வாங்குகிறார்களா, லாரிக் காசு மெயின்டனன்ஸில் சேருமா தனியா என்று ஓனரைக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வீட்டுக்குள் போனதும் ஹாலைப் பார்க்காமல் பாத்ரூமுக்குப் போங்கள். ஷவர் துளைகளிலும் குழாய் மூக்கிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் உப்புத் தண்ணீர்: வாஷிங் மெஷினும் கீசரும் சீக்கிரம் போகும், தலைமுடியும்தான். ஒரு வெள்ளை மக்கிலோ பக்கெட்டிலோ தண்ணீர் பிடித்து ஓரமாக வையுங்கள். மற்ற அறைகளைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். பிடிக்கும்போது கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் மஞ்சளாக மாறியிருந்தால் அதில் இரும்பு இருக்கிறது; காற்று பட்டதும் துரு நிறம் காட்டுகிறது. வெள்ளைச் சட்டையும் பள்ளிச் சீருடையும் இரண்டு மாதத்தில் பழுத்துவிடும். குடிக்கத்தான் கேன் தண்ணீர் இருக்கிறதே என்று இதை அலட்சியப்படுத்துகிறவர்கள் உண்டு. குடிப்பதைவிடத் துவைப்பதற்கும் குளிப்பதற்கும்தான் குடும்பத்துக்குப் பல மடங்கு தண்ணீர் வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகள் பட்டது தெரிந்ததே. அதற்காக அந்தப் பகுதிகளையே ஒதுக்க வேண்டியதில்லை; தெருவுக்குத் தெரு மாறும். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா, கரண்ட் மீட்டர் பெட்டியைச் சமீபத்தில் மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா, காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் கறைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடித்துக் கோட்டை மறைக்கலாம், மீட்டர் பெட்டியின் பழைய ஆணித் துளைகளை யாரும் அடைப்பதில்லை. எதிர்வீட்டில் 'தண்ணீர் வந்ததா' என்று கேட்காமல், '2023-ல் எவ்வளவு வந்தது' என்று கேளுங்கள். பதில் வேகமாக வரும்.

கரண்ட்டில், உங்களுக்குத் தனி மின்வாரிய மீட்டரா, ஓனர் வைத்த சப்-மீட்டரா என்பதுதான் கேள்வி. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். இரண்டு மூன்று போர்ஷன் ஒரே மீட்டரில் ஓடினால் எல்லோரும் சேர்ந்து தாண்டிவிடுவீர்கள், இலவச யூனிட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். சாவி வாங்குகிற நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் கணக்கு: 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அந்த 'ஒப்புக்கொண்டிருந்தால்' வழியாகத்தான் சென்னையில் ஐந்தும் பத்தும் வருகின்றன. வாடகை 15,000 என்று வையுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் 75,000, முதல் மாத வாடகை 15,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 15,000. சாமான் ஏற்றுமுன்பே 1,05,000. பத்து மாதம் கேட்டால் 1,80,000. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதில் எழுத வையுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

வாடகையே இல்லை, மொத்தமாக லட்சங்கள் கொடுத்தால் போதும் என்கிற லீஸ் வீட்டுக்கு வில்லங்கச் சான்று பார்க்காமல் போகாதீர்கள். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து ஓனர் கட்டாமல் விட்டால் ஏலம் வரும். உங்கள் பணத்துக்கு நீங்கள்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். அதேபோல், 'ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, டோக்கன் அனுப்புங்கள்' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். 'பணம் அனுப்புகிறேன், க்யூஆர் ஸ்கேன் செய்யுங்கள்' என்றாலும் அப்படியே; பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் பால் காய்ச்ச ஆள் வராது, டூ-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும், ஓனர் இறங்கி வருவார். வீட்டில் பெரியவர்கள் மார்கழி ஆகாது என்றால், கார்த்திகைக் கடைசியில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டுச் சாமானைப் பிறகு ஏற்றலாம்.

போகவர, அழைத்துவர

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே காலண்டரை எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி இரவு போக, ஞாயிறு இரவு திரும்ப என்று டிக்கெட் போட்டுவிடுங்கள். தட்கலை நம்பினால் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, இரண்டும் வேலை நேரம். தெற்கிலிருந்து வரும் அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும். ரயிலில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குவது புறநகரில் தங்குகிறவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம்.

குடும்பம் கிளம்பும்போது கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். ஏஜென்சியில் 'டிவி' என்பது இதைத்தான். பழைய டெபாசிட் திரும்பி வரும்; சென்னையில் அதைக் காட்டி, இன்றைய டெபாசிட் கட்டிப் புது சிலிண்டர் எடுக்கலாம். வந்த அன்றே கிடைக்காது, அதுவரை சோட்டுவோ இன்டக்ஷன் அடுப்போ கைகொடுக்கும்.

அவர்கள் வருவதற்கு முன் அந்த வீட்டில் பாயைப் போட்டு இரண்டு இரவு தனியாகப் படுத்துப் பாருங்கள். கொசு எந்த ஜன்னல் வழியாக வருகிறது, மாடி வீட்டு மோட்டார் எத்தனை மணிக்கு உறுமுகிறது, படுக்கையறையில் போன் சிக்னல் கிடைக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கொசுவலை அடிக்க ஆள் சொல்லவும், குழாய் ஒழுகினால் ஓனரிடம் சொல்லிச் சரிசெய்யவும் அந்த இரண்டு நாள் போதும்.